உல்டா என்றால் எந்தப் பக்கம்

எங்கள் தொழில்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடங்களில் ஒரு கேள்வி மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். சர்க்யூட் போர்டு வரைவதற்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை உண்மையான வேலைக்கு நம்பலாமா? கேட்பவர் பெரும்பாலும் புதியவர். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். ஒரு கூட்டம் தாராளமாக நம்பலாம் என்னும். இன்னொரு கூட்டம், பொழுதுபோக்குக்குச் சரி, வேலைக்கு ஆகாது என்னும். நாலாவது பதிலுக்குள் சண்டை பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் நானும் வரிந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வியைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது. அதிலும் அந்த 'உண்மையான வேலை' என்ற சொல்லைப் பார்த்தால் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

டெல்லி ஓக்லாவில் ஒரு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் போர்டு வரைந்தேன். பச்சைத் தகடு, அதன்மேல் செப்புக் கோடுகள், அவற்றின்மீது உட்காரும் சின்னச் சின்னப் பாகங்கள். எந்தக் கோடு எந்த வழியாகப் போகவேண்டும், எந்தப் பாகம் எங்கே உட்காரவேண்டும் என்று கணினியில் வரைவதுதான் என் பிழைப்பு. நிறுவனம் அதற்கு விலை உயர்ந்த மென்பொருளை வாங்கி வைத்திருந்தது. என் விரல்களுக்கு அதன் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம். ஒருநாள், இனிமேல் வரைகிற வேலையை வெளியே கொடுத்துவிடப் போகிறோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். லேப்டாப்பைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் நான் பார்த்துப் பார்த்து வரைந்து சேர்த்த படங்கள் எல்லாம் அதோடு போய்விட்டன. ஐம்பத்து மூன்று வயதில் துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டில் வந்து உட்கார்ந்தேன். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். ரெஸ்ட் எடுத்து எடுத்தே களைத்துப்போனேன்.

அப்படித்தான் அந்த இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டேன். இலவசம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. காய்கறி வண்டிக்காரர் சும்மா போட்டுக் கொடுக்கும் கொத்தமல்லியை வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி அழுகியிருக்கும். முதல் வாரம் நான் நகர்த்த நினைத்ததெல்லாம் அழிந்துபோயிற்று, அழிக்க நினைத்தது நகர்ந்தது. விரல்கள் பழைய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டின. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குறை என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இருபத்தாறு வருடம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் நான் என்னென்ன செய்தேனோ அதையெல்லாம் இதிலும் செய்ய முடிந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு வக்கீல் அம்மாள் கூப்பிட்டார். டெல்லிக்காரர். சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்பவர்களுக்காக ஒரு சின்னக் குழு நடத்துகிறார். என் பழைய அலுவலகத்தில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டது சட்டைப்பையில் அடங்கும் ஒரு பெட்டி. குழிக்குள் விஷவாயு இருந்தால் அது கத்த வேண்டும்.

குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இறக்குகிறார்கள். உள்ளே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயு சேர்ந்து கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் நாற்றமே எச்சரித்துவிடும். அளவு கூடினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் குறைந்துவிட்டது என்று ஆள் இன்னும் இரண்டு படி இறங்குவார். அப்புறம் மேலே வரமாட்டார். இதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் கடையில் கிடைக்காமல் இல்லை. டேக்கேதார், அதாவது ஒப்பந்தக்காரர், அதை வாங்கமாட்டார். வாங்கினாலும் அது அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஆளுக்கொன்று சொந்தமாக இருக்கட்டும், முதலில் பத்து செய்யுங்கள் என்றார் வக்கீல் அம்மாள். நான் செய்து தருவதற்கு எந்தச் சான்றிதழும் இருக்காது, இதை வைத்துக்கொண்டு யாரும் தைரியமாக இறங்கிவிடக் கூடாது என்றேன். இறங்காதே என்று சொல்ல அவர்களிடம் ஒரு பெட்டியாவது இருக்கட்டும் என்றார் அவர். எட்டு மாதமாக யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம், பெரிய மனசெல்லாம் இல்லை.

அணியப்போகிற ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றேன். 'உங்கள் ஊர்க்காரர்' என்று ஒருவரை அனுப்பினார். இங்கே தமிழர் எல்லோருக்கும் ஒரே ஊர். ஜங்புரா மெட்ரோவுக்கு வெளியே டீக்கடையில் சந்தித்தோம். நாற்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் வேறெந்தச் சட்டையை எதிர்பார்த்தேன் என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். கேம்ப்பை இடித்தபோது மாற்று வீட்டுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து மனைவி, இரண்டு பெண்களோடு இருக்கிறார்.

"மேடம் எந்த ஊரு?"

"கும்பகோணம் பக்கம். ஆனா பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்ல."

"நமக்கு விழுப்புரம் பக்கம். நான் ரெண்டு வாட்டிதான் போயிருக்கேன்" என்று சிரித்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "பேண்ட் பாக்கெட்டுல வாணாம் மேடம், தண்ணியில முழுகிப்பூடும். இங்க இருக்கணும்" என்று நெஞ்சைத் தொட்டார். "சத்தம் பெருசா வேணும். உள்ள தண்ணி ஓடற சத்தத்துல மேல இருக்கறவன் கூப்புடறதே காதுல வுழாது."

"சத்தமும் வைக்கறேன், போன் மாதிரி அதிரவும் வைக்கறேன்."

"கத்துனா நான் மேல வந்துடணும். அவ்ளோதானே?"

"ஆமா. உடனே வந்துடணும்."

"கத்தலைன்னா?"

கத்தாவிட்டாலும் இறங்காதீர்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது, எனக்கு மெட்ரோ பிடிக்கவேண்டும். "கத்தலைன்னா காத்து பரவாயில்லைன்னு அர்த்தம்" என்றேன். அச்சா என்று தலையாட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

வேலையைத் தொடங்கினேன். பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னதும் அவர் சிரித்தார். அந்த ஓசி சாஃப்ட்வேரிலா, அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதனாலேயே அந்த மென்பொருளை நம்பாமல், ஒவ்வொரு இடத்திலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். யாரோ வரைந்து இணையத்தில் போட்டிருந்த பாகங்களின் படங்களில் ஒன்றைக்கூட அப்படியே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் நானே அளந்து வரைந்தேன். போர்டின் படத்தை அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, தெர்மாகோல் மேல் வைத்து, ஒவ்வொரு பாகத்தின் காலையும் காகிதத்தில் குத்திப் பார்த்தேன். சேலையில் பொத்தல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது காகிதம். ஒரு கால்கூடத் தவறான இடத்தில் இறங்கவில்லை. மென்பொருள் தன் பங்குக்குச் சரிபார்த்து, பிழை பூஜ்யம் என்று காட்டியது. அதற்கு மேலும் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன்.

பெட்டியை ஓக்லாவில் ஒரு சின்னப் பட்டறையில் செய்யச் சொன்னேன். பட்டறைக்காரர் பத்து வருடப் பழக்கம். பஞ்சாபிக்காரர், இந்தியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். முதலில் போர்டை, பாகங்கள் உள்ள முகம் வெளியே பார்க்கும்படி வைப்பதாகத்தான் பேச்சு. பேட்டரி இடிக்கிறது, போர்டைக் குப்புறப் போடுவோம், பாகங்கள் நெஞ்சுப் பக்கமும் வெறும் முதுகு வெளிப்பக்கமும் இருக்கட்டும் என்றார் அவர். சரி என்றேன். பெட்டியின் முன்பக்கத்தில் காற்று நுழையச் சல்லடைபோல் துளைகள். வாயுவை முகர்ந்து பார்க்கிற சென்சார், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய உருளை, அந்தத் துளைகளுக்கு நேராக இருக்கவேண்டும்.

காகித அச்சை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை போன் வந்தது.

"மேடம், சென்சார் உல்டா லகா ஹை."

நான் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்திருந்தேன். சென்சார் உல்டாவாக இருக்கிறதா, இதோ என்று கணினியில் உட்கார்ந்தேன். சென்சாரைத் தேர்ந்தெடுத்து, சுற்றும் விசையை இரண்டுமுறை தட்டினேன். அது அரைவட்டம் சுற்றித் தலைகீழாக நின்றது. கோடுகளை மாற்றிப் போட்டேன். பிழை பூஜ்யம். 'டீக் கர் தியா', சரிசெய்துவிட்டேன் என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். மூன்றாவது விசில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சொன்னது வேறு, நான் செய்தது வேறு என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

போர்டுகள் வந்தன. பத்தையும் நானே பற்றவைத்தேன். கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. பால்கனியில் மேசை போட்டு, சோதனைக்கென்று விற்கும் வாயுக் குப்பியை ஒவ்வொரு சென்சாரின் மேலும் காட்டினேன். பத்தும் கத்தின. எதிர் பிளாக்கில் ஒருவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பத்தையும் பட்டறைக்கு அனுப்பினேன். அவர் பெட்டிகளுக்குள் வைத்துத் திருகி மூடி அனுப்பினார். அழகாக இருந்தன, கச்சிதமாக மூடியிருந்தன. மூடிய பெட்டியோடு ஒருமுறை குப்பியைக் காட்டிப் பார்த்திருக்கலாம். குப்பியில் வாயு தீர்ந்திருந்தது, எனக்கு அன்று காய்ச்சலும் இருந்தது. இதெல்லாம் காரணமே இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சோதனைக்கு ஜங்புரா பக்கம் ஒரு சந்துக்குக் கூப்பிட்டார்கள். காலை ஒன்பது மணி. வக்கீல் அம்மாள் இருந்தார், நம் ஆள் இருந்தார், அவரோடு வேலை செய்யும் ஒருவர் கயிற்றுச் சுருளோடு நின்றார். குழி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார்கள். நாற்றம் கிளம்பி வந்து முகத்தில் அறைந்தது. நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன். யாரும் இறங்கவேண்டாம், பெட்டியை மட்டும் இறக்கிப் பார்ப்போம் என்றுதான் ஏற்பாடு. கயிற்றில் கட்டி இறக்கினோம். கத்தவில்லை. இன்னும் இறக்கினோம். தண்ணீரைத் தொடும் அளவுக்குப் போயும் கத்தவில்லை. ஐந்து நிமிடம் நின்றோம்.

எனக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் பத்தும் பால்கனியில் கத்தினவே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நான் அப்படி நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் சட்டையைக் கழற்றி ஸ்கூட்டர் மேல் போட்டுவிட்டு, ஒரு காலை முதல் படியில் வைத்திருந்தார்.

"இன்னிக்கு காத்து நல்லாருக்கு போல மேடம். எப்பிடியும் இந்தக் குழிய இன்னிக்கு எடுக்கணும். எறங்கிப் பாத்துட்டே வந்துடறேன்."

"வேண்டாம்! நில்லுங்க! ருக்கோ!" என்று இரண்டு மொழியிலும் கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, கத்தலைன்னா பரவாயில்லைன்னு?"

"நாத்தம் வரலையா உங்களுக்கு?"

"நாத்தம் தெனமும்தான் வருது. அதப் பாத்தா என்னைக்கு வேல செய்யறது? அதுக்குத்தானே இந்தப் பொட்டி?"

அவருடைய மூக்கைவிட என் பெட்டியை நம்பியிருக்கிறார். அவரைக் காலை எடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியை மேலே இழுத்து வாங்கினேன். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த திருப்புளியால் பெட்டியைத் திறந்தேன். முன்பக்கத் துளைகளுக்கு நேராக போர்டின் வெறும் முதுகு இருந்தது. சென்சார் மற்ற பாகங்களோடு உள்பக்கம் திரும்பி, பின்மூடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. அதை எத்தனை குழிக்குள் இறக்கினாலும் அதற்குக் காற்றே போயிருக்காது. பத்துப் பெட்டியும் அப்படித்தான்.

நேரே ஓக்லாவுக்குப் போனேன். கோபமாகப் போனேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. பட்டறைக்காரர் என்னைவிடக் கோபமாக இருந்தார். "மைனே தோ போலா தா, உல்டா ஹை!" என்றார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று. உல்டா என்றுதானே சொன்னீர்கள், தலைகீழாகத் திருப்பிவிட்டேனே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போட்டிருந்த ஸ்வெட்டரின் ஒரு கையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துக் காட்டினார். "யே உல்டா." சென்சார் போர்டின் தவறான முகத்தில் இருக்கிறது, அதை மறுமுகத்துக்குப் புரட்டவேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. பிறகு ஏன் அப்படியே வைத்து மூடினீர்கள் என்று கேட்டேன். சரிசெய்துவிட்டேன் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், நீங்கள் இன்ஜினியர் என்றார்.

எங்கள் வீட்டில் உல்டா என்றால் தலைகீழ். அப்பா அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த இந்திச் சொற்களில் அதுவும் ஒன்று. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தால், காலண்டரைத் தலைகீழாக மாட்டினால், "உல்டாவா இருக்கு பாரு" என்பார். சட்டையை உள்வெளியாகப் போட்டால் மட்டும் அது எங்களுக்குத் தமிழில் "திருப்பிப் போட்டிருக்கே" ஆகிவிடும். இந்த ஊரில் பிறந்து, ஐம்பது வருடம் இந்தி பேசி, அந்தச் சொல்லில் பாதி மட்டும்தான் எனக்குக் கிடைத்திருந்தது. தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? திருப்பு என்றால் சுற்றலாம், புரட்டலாம், வந்த வழியே அனுப்பவும் செய்யலாம். அந்த ஓசி மென்பொருளில்தான் சுற்றுவதற்கு ஒரு விசையும் புரட்டுவதற்கு ஒரு விசையும் தனித்தனியாக இருந்தன. அதைச் சந்தேகப்பட்டதில் பாதியாவது நான் என் காதைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

புதிதாகச் செய்தேன். புரட்டும் விசையை ஒருமுறை தட்டினால் சென்சார் மறுமுகத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். போர்டு வந்து, பற்றவைத்து, பெட்டியை மூடி, மூடிய பெட்டியில் புதுக் குப்பியைக் காட்டி, பத்தும் கத்துவதைக் கேட்டேன். அதே சந்தில் கயிற்றில் இறக்கியபோது பாதியிலேயே அலற ஆரம்பித்தது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடியது.

"யம்மா, என்னா கத்து கத்துது! எங்க வூட்டுக்காரி தோத்தா!" என்று அவர் சிரித்தார். பெட்டியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார். அன்று அந்தக் குழிக்குள் யாரும் இறங்கவில்லை. வெகுநாள் கழித்து எனக்கு நான் உருப்படியாக எதையோ செய்ததுபோல் இருந்தது. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. துவாரகா வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்து, வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி வாசலில் காவலாளி அவரை இருபது நிமிடம் நிறுத்தி, பதிவேட்டில் மூன்றுமுறை எழுத வைத்திருக்கிறார். இன்டர்காமில் நான் சத்தம் போட்ட பிறகுதான் மேலே விட்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலை செய்யவில்லையா என்று பதறினேன்.

"இல்ல மேடம், நல்லா வேல செய்யுது. ரொம்ப நல்லா வேல செய்யுது. அதான் கஷ்டமா இருக்கு."

முதல் நாள் நாலாவது படியிலேயே கத்தியிருக்கிறது. மேலே வந்துவிட்டார். டேக்கேதார் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறார். மறுநாள் வேறு குழி, அங்கேயும் கத்தியது. மூன்றாம் நாள் பெட்டி இல்லாத ஒருவரை இறக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு பத்து நாளாக இவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"கத்தற பொட்டி வெச்சிருக்கறவன்னு பேரு வந்துடுச்சு மேடம். ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுங்க. சத்தத்த நிறுத்தறதுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "சத்தம் இல்லாம எதுக்கு இது? தூக்கிப் போட்டுடலாமே?"

"சத்தம் மேல இருக்கறவனுக்குக் கேக்குது, அதான் வாணாம்ங்கறேன். நெஞ்சுல அதிர்றது இருக்கட்டும். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"வக்கீல் அம்மாகிட்ட சொல்றேன். டேக்கேதார் மேல கேஸ் போடலாம்."

"கேசு போட்டா கேசு நடக்கும் மேடம். நான் எங்க நடக்கறது?" கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை.

"அதிர்ந்தா மேல வந்துடுவீங்களா?"

டீயை முழுதாகக் குடித்து முடித்தார். "வரப் பாக்கறேன். இல்லாட்டியும், எவ்ளோ நேரம் இருக்குன்னு தெரியுமில்ல. இப்ப அதுகூடத் தெரியாமத்தானே எறங்கறோம்."

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். பெட்டியை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது அதை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டி என் மேசையில் இருக்கிறது, அவர் எந்தக் குழிக்குள் இருக்கிறாரோ என்று ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள், சத்தம் எழுப்பும் பாகத்துக்குப் போகும் செப்புக் கோட்டை பிளேடால் வெட்டி, இரண்டு கம்பிகள் பற்றவைத்து, பெட்டியின் பக்கத்தில் துளையிட்டு ஒரு சுவிட்ச் வைத்தேன். அரை மணி நேர வேலை. கணினியில் இருக்கும் படத்திலும் அதைச் சேர்த்தேன், மற்ற ஒன்பது பேரும் கேட்பார்கள் என்று தெரியும். வக்கீல் அம்மாளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சட்டைப்பையில் பெட்டியைப் போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தள்ளிவிட்டு, பார்க்கலாம் மேடம் என்று பால்கனியில் நின்றார். நான் குப்பியை அவர் நெஞ்சருகே பிடித்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளங்கையைச் சட்டைப்பைமேல் வைத்துக்கொண்டார். "வந்துடுச்சு மேடம்" என்றார். எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.